பார்ட்னர்ஷிப்பிலிருந்து விலகுகிறீர்களா? பேப்பர் விளம்பரம் மட்டும் போதாது

சென்னை ரிச்சி தெருவில் மூன்று பேர் சேர்ந்து நடத்திய சிசிடிவி கேமரா கடையில் நான் ஒரு பார்ட்னராக இருந்தேன். கணக்கு முடித்து, பத்திரம் எழுதி, கைகுலுக்கி வெளியே வந்தாயிற்று. சில மாதங்கள் கழித்து, நான் விலகி வெளியே வந்தபிறகு கடை வாங்கிய சரக்குக்கு என் பெயரையும் சேர்த்து ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. விலகல் பத்திரம் எங்கள் மூவரின் பீரோவிலும் பத்திரமாக இருந்தது. வெளியில் யாருக்கும் அது தெரியாது. அங்கே ஆரம்பித்த அலைச்சலில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "அவங்க மாத்திடுவாங்க" என்று மற்ற பார்ட்னர்களை நம்பி உட்காராதீர்கள். கீழே வரும் முக்கியமான வேலைகள் பெரும்பாலானவற்றை, விலகியவர் தானே செய்யலாம் என்று சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. கடையில் இருப்பவர்களுக்கு அவசரம் கிடையாது. அவசரம் உங்களுக்குத்தான்.

1. நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

பழைய பார்ட்னர்ஷிப் பத்திரத்தை எடுத்து மூன்று விஷயங்களைத் தேடுங்கள். நிறுவனம் பதிவாளரிடம் பதிவு செய்யப்பட்டதா? எத்தனை வருடத்துக்கு என்று காலம் குறிப்பிட்டிருக்கிறதா? விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று எழுதியிருக்கிறதா?

பார்ட்னர்கள் இரண்டே பேர் என்றால் கதை வேறு. ஒருவர் விலகினால் மிச்சம் இருப்பது ஒருவர். ஒருவரை வைத்து பார்ட்னர்ஷிப் கிடையாது. அதனால் அது விலகல் ஆகாது, நிறுவனக் கலைப்பு. எழுத வேண்டியது டிசொல்யூஷன் டீட். நிறுவனத்தின் பான் எண்ணோடு ஜிஎஸ்டி பதிவும் முடிவுக்கு வரும். தொடர்ந்து நடத்துபவர் தன் சொந்தப் பானில் புதிய ஜிஎஸ்டி எடுக்க வேண்டும். இது புரியாமல் இரண்டு பேர் கடைக்கு ரிட்டயர்மெண்ட் டீட் எழுதிக் கொடுக்கும் ஆட்கள் பாரிமுனையில் இன்னும் இருக்கிறார்கள்.

எல்எல்பி (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள பார்ட்னர்ஷிப்) என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் 30 நாள் எழுத்து மூலமான முன்னறிவிப்பு. அப்புறம் 30 நாளுக்குள் படிவம் 4 தாக்கல் ஆக வேண்டும். அவர்கள் செய்ய மாட்டார்கள் என்று தோன்றினால் நீங்களே பதிவாளருக்கு அறிவிக்கலாம்.

பிரைவேட் லிமிடெட்டில் டைரக்டராக இருந்தால், 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் 168-ஆம் பிரிவு. ராஜினாமா கடிதம் கம்பெனிக்குக் கிடைத்த நாள், கடிதத்தில் நீங்கள் எழுதிய நாள், இந்த இரண்டில் எது பிந்தியதோ அன்றிலிருந்து விலகல் அமலாகும். கம்பெனி டிஐஆர்-12 படிவம் போட வேண்டும். நீங்கள் டிஐஆர்-11 போடலாம். 2018 முதல் அது கட்டாயமில்லை, ஆனால் போட்டுவிடுங்கள். கட்டணம் கம்பெனியின் மூலதனத்தைப் பொறுத்து 200 முதல் 600 ரூபாய்தான். எல்லாம் ஆன்லைன், ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் உள்ள கம்பெனிப் பதிவாளர் அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: பதவியில் இருந்த காலத்துத் தவறுகளுக்கு, ராஜினாமா செய்த பிறகும் பொறுப்பு உண்டு.

இனி வருவது சாதாரண பார்ட்னர்ஷிப் கடைகளுக்கு.

2. விலகல் நோட்டீஸ்: வாட்ஸ்அப்பில் அனுப்பி விட்டுவிடாதீர்கள்

1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டம் 32-ஆம் பிரிவு மூன்று வழி சொல்கிறது. எல்லா பார்ட்னரும் சம்மதித்தால் விலகலாம். பத்திரத்தில் உள்ள நிபந்தனைப்படி விலகலாம். காலம் குறிப்பிடாத, விருப்பம் உள்ளவரை நடக்கும் கூட்டு என்றால் மற்ற எல்லோருக்கும் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து விலகலாம்.

"எல்லோருக்கும்" என்பதைக் கவனியுங்கள். கடையைக் கவனிக்கும் ஒருவருக்கு மட்டும் கொடுத்துவிட்டு, பணம் மட்டும் போட்ட ஸ்லீப்பிங் பார்ட்னரை விட்டுவிடுவார்கள். அவருக்கும் போக வேண்டும். பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பரிலிருந்து ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. அதனால் கவுண்டரில், பெறுபவர் கையிலேயே கொடுக்கும் பதிவு வசதியோடும் டெலிவரி சான்றோடும் அனுப்பக் கேளுங்கள். ரசீதை உடனே நகலெடுத்து வையுங்கள். அந்த வெப்பத் தாளில் எழுத்து கொஞ்ச நாளில் மறைந்துவிடும்.

3. விலகல் பத்திரம்

வக்கீல் எழுதிக் கொடுப்பார். ஆனால் இந்த வரிகள் உள்ளே இருக்கின்றனவா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்:

விலகும் தேதி. "இன்று முதல்" என்று விடாமல் நாள், மாதம், வருடம்.

அன்றைய தேதிக்குக் கடன் பாக்கி, வரி பாக்கி, வர வேண்டிய பாக்கி. சப்ளையர் வாரியாக ஒரு பட்டியல், எல்லோர் கையெழுத்தோடும்.

பழைய கடன்களை யார் ஏற்கிறார்கள், உங்கள் மேல் வந்தால் யார் ஈடுகட்டுவார்கள் என்ற உறுதி. இந்த வரி உங்களுக்கும் பார்ட்னர்களுக்கும் இடையில்தான் செல்லும். கடன் கொடுத்தவர் இதற்குக் கட்டுப்பட்டவர் அல்ல. விலகுவதற்கு முந்தைய கடனிலிருந்து நீங்கள் முழுதாக விடுபட வேண்டுமென்றால் கடன் கொடுத்தவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெரிய தொகை உள்ள ஒன்றிரண்டு சப்ளையர்களிடமாவது அப்படி எழுதி வாங்கப் பாருங்கள்.

உங்களுக்கு வர வேண்டிய பணம், தவணை, தேதி. கணக்கு முடிக்காமலே அவர்கள் தொழிலைத் தொடர்ந்தால், உங்கள் பங்குக்குரிய லாபத்தையோ ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ கேட்க 37-ஆம் பிரிவு உரிமை தருகிறது. அந்த வட்டியை நம்பி யாரும் வீடு கட்ட முடியாது. தவணையைப் பத்திரத்திலேயே கட்டிவிடுங்கள்.

பெயரையும் படத்தையும் கையெழுத்தையும் எங்கும் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை. இது ஏன் என்று 7-இல் வரும்.

முத்திரைத் தாள் விஷயத்தில் இரண்டு பொறிகள். தமிழ்நாட்டில் பல ஆவணங்களுக்கான முத்திரைத் தீர்வை 2024-இல் உயர்ந்துவிட்டது. பழைய தொகையைச் சொல்லும் ஆளை நம்பாமல் பதிவுத்துறை இணையதளத்தில் ஒருமுறை பாருங்கள். இரண்டாவது, "போன மார்ச் தேதி போட்டுக்கலாம் சார், வரிக்கு நல்லது" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தாள் வாங்கிய தேதி தாளிலேயே இருக்கிறது.

4. கையெழுத்து ஆன அதே வாரம்: வங்கி, செக், டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து), ஓடிபி

இதுதான் எல்லோரும் தள்ளிப்போடும் வேலை. இதில்தான் மாட்டிக்கொள்வதும்.

வங்கிக்கு ஒரு கடிதம்: இன்ன தேதியில் விலகிவிட்டேன், என் கையெழுத்தில் இனி கணக்கை இயக்க வேண்டாம், அன்றைய தேதிக்குக் கடன் நிலுவை எவ்வளவு என்று எழுத்தில் தாருங்கள். கிளை முத்திரையோடு நகலில் கையெழுத்து வாங்காமல் வெளியே வராதீர்கள். கடை பெயரில் ஓவர்டிராஃப்ட் கடன் வாங்கியிருந்து நீங்கள் சொந்த ஜாமீன் கொடுத்திருந்தால், இனி வரும் பற்றுக்கு ஜாமீனை ரத்து செய்கிறேன் என்று தனியாக எழுதுங்கள். ஒப்பந்தச் சட்டம் 130-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஏற்கெனவே எடுத்த பணத்துக்கு ஜாமீன் நீங்காது. வங்கி மாற்று ஜாமீன் வாங்கிக்கொண்டு எழுத்தில் விடுவித்தால்தான் உண்டு. ஜாமீன் பத்திரத்திலும் வேறு நிபந்தனை இருக்கலாம், படித்துப் பாருங்கள்.

அடுத்து, கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்குகள். கேமரா, ஒயர், கம்ப்யூட்டர் வியாபாரத்தில் டிஸ்ட்ரிபியூட்டருக்கு "செக்யூரிட்டி"யாக இரண்டு மூன்று வெற்றுச் செக் கொடுத்து வைப்பது வழக்கம். அவற்றைத் திரும்ப வாங்குங்கள். "எங்கயோ இருக்கு, தேடிக் கொடுக்கிறேன்" என்றால் செக் எண்களைக் குறிப்பிட்டு அவருக்குக் கடிதம் எழுதுங்கள், வங்கிக்கும் எழுதுங்கள். தானாக முன்வந்து கையெழுத்திட்டுக் கொடுத்த செக்கில் மற்ற விவரங்களைப் பிறர் நிரப்பியிருந்தாலும், அது கடனுக்காகக் கொடுத்ததே என்ற சட்ட அனுமானம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லியிருக்கிறது. "நான் எழுதவில்லையே" என்பது மட்டும் அங்கே எடுபடாது.

டிஎஸ்சி. ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு டப்பா இருக்கும். அதில் நிறைய பென்டிரைவ் மாதிரி டோக்கன்கள், ஒவ்வொன்றிலும் செல்லோடேப் ஒட்டிப் பெயர் எழுதி, சிலதில் பாஸ்வேர்டும் எழுதி! உங்களுடையதைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் கையெழுத்து.

ஓடிபி. ஜிஎஸ்டி தளம், வருமான வரித் தளம், உத்யம் (சிறு குறு தொழில்) பதிவு, கடையின் கியூஆர் கோடு, கூகுள் மேப்பில் உள்ள கடைப் பக்கம், இதில் எதற்கெல்லாம் உங்கள் மொபைல் எண் கொடுத்திருக்கிறது என்று பட்டியல் எடுங்கள். விலகிய பிறகும் "சார், ஓடிபி வந்திருக்கும், கொஞ்சம் சொல்லுங்க" என்று போன் வரும். சொல்லாதீர்கள். விலகிய மனிதர் ஏன் ரிட்டர்னுக்கு ஓடிபி கொடுத்தார் என்று நாளைக்குக் கேட்டால் பதில் கிடையாது.

5. ஜிஎஸ்டி: ஒரு மாதக் கெடு

இந்தக் கட்டுரையில் ஒரு தேதியை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதை வையுங்கள். மத்திய ஜிஎஸ்டி சட்டம் 90-ஆம் பிரிவுப்படி நிறுவனத்தின் வரிக்கு எல்லா பார்ட்னர்களும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. விலகினால், விலகிய தேதியை நீங்களோ நிறுவனமோ ஆணையருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தெரிவித்தால் விலகிய நாள் வரைதான் உங்கள் பொறுப்பு. தெரிவிக்காவிட்டால், கடிதம் அங்கே போய்ச் சேரும் நாள் வரை பொறுப்பு நீளும். ஆறு மாதம் கழித்துக் கொடுத்தால் அந்த ஆறு மாதத்து வரியும் உங்கள் தலையில்.

தளத்தில் பார்ட்னர் பெயரை நீக்குவது வேறு வேலை. அதை நிறுவனத்தின் லாகினில், மாற்றம் நடந்த 15 நாளுக்குள், திருத்த விண்ணப்பமாகப் போட வேண்டும். அதற்கு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். கட்டணம் இல்லை. அவர்கள் அதைச் செய்யட்டும், செய்யாமல் போகட்டும். உங்கள் கடிதம் தனியாகப் போய்விட வேண்டும்.

எந்த அலுவலகத்துக்கு? ஜிஎஸ்டி தளத்தில் நிறுவனத்தின் எண்ணைப் போட்டுத் தேடினால் மாநில வரம்பு, மத்திய வரம்பு இரண்டும் காட்டும். உங்களை நிர்வகிப்பது மாநிலம் என்றால் அந்த வணிகவரி வட்ட அலுவலகத்துக்குக் கொடுத்து, சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ள ஆணையர் அலுவலகத்துக்கும் ஒரு நகல். மத்திய வரம்பு என்றால் அங்கே காட்டும் மத்திய ஜிஎஸ்டி ஆணையரகத்தின் முகவரி. இணைக்க வேண்டியது: விலகல் பத்திர நகல், பான், ஆதார் நகல், ஜிஎஸ்டி சான்றிதழ் நகல். நேரில் கொடுத்தால் தபால் பிரிவு முத்திரையும் தேதியும் வாங்குங்கள். "மெயில் அனுப்புங்க சார், போதும்" என்று சொல்வார்கள். மெயிலும் அனுப்புங்கள், முத்திரையும் வாங்குங்கள்.

6. பொது அறிவிப்பு: மூன்று இடம்

நம் ஊரில் விலகல் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது பேப்பர் விளம்பரம். ஆனால் பதிவு பெற்ற நிறுவனம் என்றால் கூட்டாண்மைச் சட்டம் 72-ஆம் பிரிவு கேட்பது மூன்று: நிறுவனப் பதிவாளருக்கு அறிவிப்பு, அரசிதழில் வெளியீடு, கடை இருக்கும் மாவட்டத்தில் புழங்கும் வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலாவது வெளியீடு. பதிவு பெறாத நிறுவனத்துக்குப் பின்னிரண்டும் போதும். இந்தப் பொது அறிவிப்பு வரும்வரை, நீங்கள் பார்ட்னர் என்று நம்பி வியாபாரம் செய்கிற வெளியாருக்கு நீங்கள் பொறுப்பாளிதான் என்பது 32(3).

பதிவாளர்: தமிழ்நாட்டில் பதிவுத்துறையின் மாவட்டப் பதிவாளரே இந்த வேலையையும் பார்க்கிறார். சென்னையில் வடக்கு, மத்திய, தெற்கு எனப் பதிவு மாவட்டங்கள் பிரிந்திருக்கின்றன. நிறுவனம் எங்கே பதிவானதோ அங்கே. வீடு மயிலாப்பூரில் இருக்கிறது என்று அங்கே பக்கத்தில் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள். 63-ஆம் பிரிவுப்படி விலகும் பார்ட்னரே அறிவிப்பைத் தரலாம். பழைய பதிவுச் சான்றில் உள்ள பெயர், இனிஷியல், கதவு எண் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். ஆதாரில் ஒரு மாதிரி, சான்றில் ஒரு மாதிரி இருந்தால் அதற்கே தனி அலைச்சல். முடிந்ததும் பதிவேட்டின் சான்றிட்ட நகல் கேட்டு வாங்குங்கள்.

அரசிதழ்: அண்ணா சாலை 110-ஆம் எண்ணில் உள்ள எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை. வார இதழ் புதன்கிழமை வரும். கொடுத்த வாரமே வெளிவரும் என்று எதிர்பார்க்காதீர்கள். வந்ததும் அந்த இதழைத் தரவிறக்கி, அச்செடுத்து வையுங்கள்.

நாளிதழ்: தமிழ் நாளிதழ்தான் வேண்டும். "இங்கிலீஷ் பேப்பர்ல போட்டா கௌரவம்" என்று ஏஜென்ட் சொன்னால், அதையும் போடுங்கள், ஆனால் அது தமிழுக்கு மாற்றாகாது. சென்னைப் பதிப்பு மட்டும் கேட்டால் செலவு குறையும். ஞாயிறு விலை கூடுதல், தேவையில்லை. கட்டணம் சதுர சென்டிமீட்டர் அல்லது வரிக் கணக்கு. ஆகவே வாசகத்தைச் சுருக்குங்கள். இப்படி இருந்தால் போதும்:

"சென்னை, ______ தெரு, எண் ______ இல் இயங்கும் ______ என்ற கூட்டு நிறுவனத்தின் பங்குதாரராக இருந்த ______ ஆகிய நான், ______ தேதி முதல் அதிலிருந்து விலகிவிட்டேன். அத்தேதிக்குப் பிந்தைய நிறுவனத்தின் வரவு செலவு, கடன், ஒப்பந்தம் எதற்கும் நான் பொறுப்பல்ல."

இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். "பார்ட்னர்களின் மோசடி காரணமாக" என்று சேர்க்கக் கை துறுதுறுக்கும். அவதூறு வழக்கு அந்த ஒரு வரியில் வந்து நிற்கும். விளம்பரம் வந்த அன்று ஒரு பக்கத்தை மட்டும் கிழித்து வைக்காமல், தேதி தெரியும்படி முழுப் பேப்பராக நான்கைந்து பிரதி வாங்குங்கள்.

7. போர்டில் உங்கள் பெயர்

கூட்டாண்மைச் சட்டம் 28-ஆம் பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. பார்ட்னராக இல்லாதவர், தன்னைப் பார்ட்னர் என்று பிறர் காட்டுவதைத் தெரிந்தே அனுமதித்தால், அதை நம்பிக் கடன் கொடுத்தவருக்குப் பொறுப்பாவார். விலகிய பிறகும் ஃப்ளெக்ஸில் உங்கள் பெயரும் செல் நம்பரும் இருக்கும். பில் புத்தகம் பழைய ஸ்டாக் தீரும்வரை ஓடும். எங்கள் கடையில் போர்டில் இருந்த என் பெயரின் மேல் ஒரு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினார்கள். வெயிலில் அது உரிந்து, பெயர் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

நேரில் போய்ச் சண்டை வேண்டாம். போர்டு, பில் புத்தகம், விசிட்டிங் கார்டு, இணையப் பக்கம் என்று தேதி தெரியும்படி படம் எடுத்து, இன்ன நாளுக்குள் நீக்குங்கள் என்று கடிதம் அனுப்புங்கள். "தெரிந்தே அனுமதித்தார்" என்று யாரும் சொல்ல முடியாதபடி அந்தக் கடிதம் காக்கும்.

உங்கள் பக்கமும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. அதே தொழிலைப் பக்கத்துச் சந்திலேயே நீங்கள் தொடங்கலாம், விளம்பரமும் செய்யலாம். ஆனால், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பழைய நிறுவனப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது. அதன் வாடிக்கையாளர்களைத் தேடிப்போய் இழுக்கவும் கூடாது. 36-ஆம் பிரிவு.

8. சப்ளையர்களுக்குத் தனிக் கடிதம்

அரசிதழை எந்த சப்ளையரும் படிப்பதில்லை. கடன் கொடுக்கும் ஒவ்வொருவருக்கும், கடைச் சொந்தக்காரருக்கும், ஆடிட்டருக்கும் ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். தபாலில் ஒன்று, வாட்ஸ்அப்பில் அதன் படம் ஒன்று. வந்த சண்டைகளில் பாதியை இந்தக் கடிதமே முடித்துவைத்தது என்பது என் அனுபவம். கோர்ட்டு வரை போவதற்கு முன்பே, "சரி சார், உங்க பேரை எடுத்துடறோம்" என்றார்கள்.

9. நீங்கள் கடையை நடத்துபவர் என்றால்

வேலையை விட்டுப் போன சேல்ஸ்மேன் பழைய ஐடி கார்டைக் காட்டிப் பணம் வசூலிக்கிறார் என்றால்? முகவரின் அதிகாரம் முடிந்தது என்பது, வெளியாரைப் பொறுத்தவரை அவர்களுக்குத் தெரியவரும்போதுதான் செல்லும் என்கிறது ஒப்பந்தச் சட்டம் 208-ஆம் பிரிவு. ஆகவே போகும் அன்றே ஐடி கார்டு, ரசீது புத்தகம், கம்பெனி சிம் மூன்றையும் வாங்கி, அவர் கவனித்த வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் அன்றே செய்தி அனுப்புங்கள். படம் போட்டு விளம்பரம் கொடுப்பது அதற்கு அப்புறம், அதுவும் வசூல் நடந்தால் மட்டும். "இவருடன் யாரும் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது" என்று கட்சி அறிக்கை பாணியில் எழுத வேண்டாம். "இன்ன தேதி முதல் எங்கள் சார்பில் பணம் பெற இவருக்கு அதிகாரம் இல்லை" என்பது போதும்.

இன்னொன்றையும் கேட்கிறார்கள்: மகன் கடன் வாங்கிக் குவிக்கிறான், "எனக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை" என்று பேப்பரில் போடலாமா? போடலாம். ஆனால் பூர்வீகச் சொத்தில் அவனுக்குள்ள உரிமை அந்த விளம்பரத்தால் போகாது. நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவும் அழியாது. ஜாமீன் போடாத கடனுக்கு, விளம்பரம் இல்லாமலே நீங்கள் பொறுப்பில்லை.

10. ஃபைல்

எல்லாம் முடிய இரண்டு மூன்று மாதம் ஒதுக்குங்கள். நோட்டீஸ், பத்திரம், வங்கி முத்திரைக் கடிதம், ஜிஎஸ்டி முத்திரைக் கடிதம், பதிவேட்டு நகல், அரசிதழ், நாளிதழ், சப்ளையர் கடிதங்களின் ரசீதுகள், போர்டு படங்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். ஸ்கேன் செய்து மெயிலிலும் போடுங்கள். ஜிஎஸ்டி கணக்குப் புத்தகங்களை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதனால் இந்த ஃபைலை எட்டு வருடமாவது எறியாதீர்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜிஎஸ்டி தளத்தில் நிறுவனத்தின் எண்ணைப் போட்டுப் பாருங்கள். லாகின் தேவையில்லை, காசும் இல்லை. பார்ட்னர் பட்டியலில் உங்கள் பெயர் இன்னும் இருந்தால், பழைய முத்திரைக் கடிதத்தின் நகலை இணைத்து அதே அதிகாரிக்கு இன்னொரு நினைவூட்டல் அனுப்புங்கள்.